சாசேஜும் கசப்புக் கீரையும் போட்ட பாஸ்தா: அரை மணி நேர இரவுச் சாப்பாடு

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இருப்பதில் பெரிய பாத்திரத்தை எடுத்து 3 லிட்டர் தண்ணீர் பிடித்து, மூடி போட்டு, அடுப்பில் முழுத் தீயில் ஏற்றிவிடுங்கள். முகம் கழுவுவது, உடை மாற்றுவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதை கேட்பது எல்லாம் அதற்கப்புறம். சாதாரண கேஸ் அடுப்பில் அந்தத் தண்ணீர் கொதிக்க 12 முதல் 15 நிமிடம் பிடிக்கும், கீரை நறுக்குவதும் சாசேஜ் வதக்குவதும் அந்த இடைவெளிக்குள் முடிந்துவிடும். தண்ணீரைக் கடைசியாக நினைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் பாஸ்தா ஒரு மணி நேர வேலை.

இந்தச் சாப்பாட்டின் சொந்த ஊர் இத்தாலியின் தெற்கே, பூட்ஸ் போன்ற அந்த நாட்டு வரைபடத்தில் குதிகால் இருக்கும் இடத்தில், புலியா என்கிற மாநிலம். அங்கே ‘ஒரெக்கியெத்தே’ என்று ஒரு பாஸ்தா உண்டு. ‘சின்னக் காதுகள்’ என்று அர்த்தம், பார்க்கவும் அப்படியே இருக்கும். ரவை மாவைத் துண்டு போட்டு, கத்தி முனையால் பலகையில் இழுத்து, கட்டை விரலில் கவிழ்த்துப் புரட்டினால் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் சொரசொரப்புமாகக் காது ஒன்று விழும். பாரி நகரத்தின் பழைய பகுதியில் ஆர்கோ பாஸ்ஸோ என்ற சந்தில் இன்றைக்கும் பெண்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து இதைச் செய்து விற்கிறார்கள். அந்தக் காதுகளோடு சேருவது ‘சீமே தி ராப்பா’ என்ற கீரை. டர்னிப்பின் நெருங்கிய சொந்தம், ஆனால் கிழங்குக்காக வளர்ப்பதில்லை, இலையும் இளந்தண்டும் சின்னச் சின்ன ப்ரோக்கோலி மாதிரியான மொட்டும்தான் சாப்பிடுவது. நல்ல கசப்பு. புலியாவில் இதற்குப் பூண்டும் உப்பில் ஊறிய நெத்திலியும் போடுவதுதான் பழைய வழக்கம். பக்கத்தில் நேப்பிள்ஸ் பக்கம் இதே கீரையை ‘ஃப்ரியாரியெல்லி’ என்று சொல்லிப் பன்றி சாசேஜோடு வதக்குவார்கள், அந்த ஜோடி அங்கே பிரிக்க முடியாதது. இரண்டு ஊர் வழக்கமும் ஒரே சட்டியில் சேர்ந்தால் நான் இங்கே சொல்லப்போகிற பாஸ்தா.

எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தவர் தூரினில் எங்கள் மாடிக்குக் கீழே குடியிருந்த ஒரு பாட்டி. தூரின் வடக்கே இருக்கிறது என்றாலும், 1950களிலும் 60களிலும் கார் தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கிலிருந்து ஏராளமான குடும்பங்கள் அங்கே வந்து குடியேறின. அவரும் பாரி பக்கத்திலிருந்து சின்ன வயதில் அப்படி வந்தவர். முதல் தடவை நானாக இதைச் செய்தபோது கசப்புக்குப் பயந்து கீரையைத் தனியாக இரண்டு தண்ணீரில் வேகவைத்து, ஒட்டப் பிழிந்து போட்டேன். ஒரு தட்டு அவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “கீரையைப் போட்டிருக்கிறாய், கசப்பை எங்கே கொட்டினாய்? இவ்வளவு கொழுப்பையும் தட்டிக் கேட்க ஆள் வேண்டாமா?” என்றார். அந்தக் கேள்வியில் மொத்த சமையலும் இருக்கிறது. சாசேஜில் கொழுப்பும் உப்பும் காரமும், பாஸ்தாவில் லேசான இனிப்பு. நடுவில் கீரை கசந்தால்தான் அடுத்த வாய்க்குக் கை போகும். சுண்டைக்காய் வற்றலை நெய் விட்ட சோற்றில் பிசைந்து சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, சாமான். 3 பேருக்குச் சொல்கிறேன். ஒரெக்கியெத்தே பாஸ்தா 250 கிராம். பதப்படுத்தாத பச்சை சாசேஜ் 250 கிராம், அதாவது நடுத்தர அளவில் 3. கீரை ஒரு பெரிய கட்டு, அரை கிலோவுக்குக் குறையாமல், ஏனென்றால் முற்றின தண்டும் பழுத்த இலையும் கழித்தால் பாதிதான் மிஞ்சும். பூண்டு 3 பல், காய்ந்த மிளகாய் 2, ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, துருவிய பெக்கொரீனோ சீஸ் ஒரு கைப்பிடி. பெக்கொரீனோ செம்மறி ஆட்டுப்பாலில் செய்தது, உப்பும் உறைப்பும் தூக்கலாக இருக்கும். கிடைக்காவிட்டால் பார்மிஜானோ. வெங்காயம், தக்காளி, கிரீம் எதுவும் வேண்டாம், அதெல்லாம் வேறு பாஸ்தாவுக்கு.

பாஸ்தா வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி ஒரு வரி படியுங்கள். துரும் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். இத்தாலியில் 1967-ல் வந்த சட்டம் காய்ந்த பாஸ்தாவைத் துரும் கோதுமையில்தான் தயாரிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ருசி மட்டும் காரணமில்லை. அந்தக் கோதுமையில் புரதம் அதிகம், வேகும்போது மாவு கரைந்து ஓடாமல் கட்டிப் பிடித்து நிற்கும். மைதா கலந்த மலிவான பாஸ்தா வெந்த ஐந்தாவது நிமிடம் கொழகொழத்துவிடும், அதை வைத்துக்கொண்டு எந்தச் செய்முறையும் சரியாக வராது. ஒரெக்கியெத்தே கிடைக்கவில்லை என்றால் குழிவோ வரியோ உள்ள வேறு குட்டிப் பாஸ்தா எடுங்கள், பென்னே, சங்கு வடிவம், சுருள் வடிவம் எதுவும் சரிதான். நீளமான ஸ்பெகட்டி இதற்கு ஒத்துவராது. கீரையும் கறியும் தட்டின் அடியில் தங்கிவிடும், முள்கரண்டியில் வெறும் நூல்தான் வரும்.

சாசேஜ் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இந்தச் சமையலுக்கு வேண்டியது பச்சைக் கறி. பன்றி இறைச்சியைக் கொத்தி, உப்பு, மிளகு, சில ஊர்களில் சோம்பு எல்லாம் சேர்த்துக் குடலில் அடைத்தது. தோலைப் பிரித்தால் உதிரியாக வர வேண்டும். சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் இருக்கும் சிக்கன் சாசேஜும் ஹாட் டாக் சாசேஜும் ஏற்கெனவே வெந்தவை, விழுதாக அரைத்துச் செய்தவை. அவை உதிராது, கொழுப்பு விடாது, வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டால் ரப்பர் துண்டு மாதிரி தனியாகக் கிடக்கும். இத்தாலியிலேயே இருக்கிறீர்கள் என்றால் இறைச்சிக் கடையில் சோம்பு போட்ட ‘சல்சீச்சா’ கேளுங்கள். தூரின் பக்கம் ப்ரா என்ற ஊர்ப் பெயரில் விற்கும் சாசேஜ் வேறு, அது பெரும்பாலும் கன்றுக்குட்டி இறைச்சி, அங்கே பச்சையாகவே சாப்பிடுவார்கள், நமக்கு இங்கே அது வேண்டாம்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் கவலையே வேண்டாம், வீட்டிலேயே சாசேஜ் கறி கலந்துகொள்ளலாம், குடலில் அடைக்க வேண்டிய அவசியமே இல்லை. எப்படியும் தோலை உரித்துத்தானே போடப்போகிறோம். கொத்துக்கறி 250 கிராம், பன்றியோ கோழித் தொடையோ, உப்பு முக்கால் தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி ஒன்றிரண்டாக நுணுக்கியது, மிளகு அரைத் தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், மிளகாய்த் துகள் கொஞ்சம், ஜில்லென்ற தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி. கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். முதலில் தளர்வாக இருக்கும் கறி கொஞ்ச நேரத்தில் விரலில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்க ஆரம்பிக்கும். உப்பு கறியிலிருக்கும் புரதத்தை வெளியே இழுத்துப் பசையாக்குகிறது, வதக்கும்போது துண்டு துண்டாக நிற்பது அதனால்தான். தண்ணீர் கொதிக்கும் வரை அப்படியே ஊறட்டும். கோழியில் கொழுப்பு குறைவு, எண்ணெயை இன்னும் ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். சோம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த வாசனை வந்தால்தான் சாப்பிடுகிறவருக்கு இது கொத்துக்கறி இல்லை, சாசேஜ் என்று தோன்றும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் சோம்பு எப்போதும் இருக்கிறது, அது பெரிய சௌகரியம்.

கீரைக்கும் அதே மாதிரி. கனடா, அமெரிக்கப் பக்கம் காய்கறிக் கடைகளில் ‘ராப்பினி’ அல்லது ‘ப்ரோக்கோலி ராப்’ என்ற பெயரில் இதே கீரைதான் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். பெயரில் ப்ரோக்கோலி இருந்தாலும் ப்ரோக்கோலி இல்லை. மொட்டு இறுக்கமாகப் பச்சையாக இருக்கும் கட்டாகப் பாருங்கள், மஞ்சள் பூ விரிந்திருந்தால் முற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் இதற்குக் கிட்டத்தில் வருவது கடுகுக் கீரை. அடுத்தது முள்ளங்கிக் கீரை, கடைக்காரர் ஒடித்து எறிகிற அதே இலை. இரண்டும் டர்னிப் குடும்பத்துச் செடிகள்தான், அந்தக் கசப்பும் லேசான காரநெடியும் அப்படியே இருக்கும். முள்ளங்கி இலையைத் தொட்டால் சுணை குத்தும், பயப்பட வேண்டாம், கொதிநீரில் போட்ட நிமிடத்தில் அது போய்விடும். பாலக் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், சாப்பிட நன்றாகவும் இருக்கும். ஆனால் கசப்பு இருக்காது, அதனால் கடைசியில் எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி பிழிய வேண்டியிருக்கும், நான் சொன்ன அந்தத் தட்டிக் கேட்கிற வேலையைப் புளிப்பாவது செய்யட்டும்.

இப்போது தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கிறது. கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பென்சில் தடிமனுக்கு மேலான தண்டை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். பூண்டைத் தட்டி வையுங்கள். சாசேஜின் தோலில் கத்தி முனையால் நெடுக ஒரு கீறல் போட்டால் சட்டையைக் கழற்றுகிற மாதிரி கழன்று வந்துவிடும். உள்ளே இருக்கும் கறியைச் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளிப் போடுங்கள். ஒரெக்கியெத்தே குழிக்குள் போய் உட்கார அந்த அளவுதான் சரி.

அகலமான சட்டி ஒன்றை நடுத்தரத் தீயில் வைத்து ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிக் கறியைப் பரப்புங்கள். பரப்பிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கிளறவே கூடாது. போட்டதும் கிளற ஆரம்பித்தால் கறி தண்ணீர் விட்டு வெளுத்து வெந்துபோகும். விட்டுவைத்தால் முதலில் சளசளவென்று சத்தம் வரும், அது தண்ணீர் வற்றுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறிப் படபடவென்று பொரிகிற மாதிரி கேட்கும், கொழுப்பு உருகிச் சட்டி பளபளக்கும், சோம்பு வாசனை மேலே வரும். அப்போது ஒரு துண்டைப் புரட்டிப் பாருங்கள், அடிப்பக்கம் முறுகலான பழுப்பாக இருக்க வேண்டும். இன்னும் மூன்று நிமிடம் புரட்டிப் புரட்டி வதக்கினால் உள்ளே சிவப்பில்லாமல் வெந்துவிடும். பன்றி இறைச்சி, அரைவேக்காடு வேண்டாம். பெரிய துண்டு ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

பூண்டும் கிள்ளிய மிளகாயும் மிச்ச எண்ணெயும் இப்போதுதான். ஆரம்பத்திலேயே போட்டால் கறி சிவக்கிற நேரத்துக்குள் பூண்டு கருகிவிடும், கருகின பூண்டின் கசப்பு கீரையின் கசப்பு மாதிரி இல்லை, வாயில் ஒட்டிக்கொண்டு போகாது. பூண்டு பொன்னிறத்துக்குப் போகத் தொடங்கியதும் பாஸ்தாவுக்காக வைத்த தண்ணீரில் ஒரு கரண்டி அள்ளி ஊற்றி, அடியில் பிடித்திருக்கும் பழுப்பையெல்லாம் கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். அந்தப் பழுப்பில்தான் ருசி இருக்கிறது. இத்தாலியில் பலர் இந்த இடத்தில் வெள்ளை ஒயின் கொஞ்சம் விடுவார்கள், இல்லாமலும் ஒரு குறையும் தெரியாது. தீயை அணைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு வாருங்கள்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உப்பு. இத்தாலியர்கள் சொல்லும் கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. சாசேஜிலும் சீஸிலும் உப்பு இருப்பதால் இந்தப் பாஸ்தாவுக்கு நான் 3 லிட்டருக்கு 20 கிராம்தான் போடுகிறேன், கல்லுப்பில் ஒரு மேசைக்கரண்டியும் சொச்சமும். எண்ணெய் ஊற்ற வேண்டாம். பாஸ்தா ஒட்டாமல் இருக்க எண்ணெய் என்று எங்கேயோ யாரோ சொல்லி எல்லாரும் செய்கிறோம், அது தண்ணீர் மேலே மிதக்கும், அவ்வளவுதான். போட்டதும் இரண்டு தடவை கிளறிவிட்டால் ஒட்டாது.

முதலில் கீரை. மொத்தத்தையும் கொதிநீரில் அமுக்கி 3 நிமிடம், தண்டு விரலில் நசுங்குகிற பதம். ஜல்லிக் கரண்டியால் அள்ளி நேராகச் சாசேஜ் சட்டிக்கு மாற்றுங்கள், பிழிய வேண்டாம். பாத்திரத்துத் தண்ணீர் இளம்பச்சையாக மாறியிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், அதே தண்ணீரில்தான் பாஸ்தாவைப் போட வேண்டும். கீரையில் இருந்து இறங்கின கசப்பையும் வாசனையையும் பாஸ்தா வெந்துகொண்டே உறிஞ்சிக்கொள்ளும். புலியாவில் கீரையையும் பாஸ்தாவையும் ஒன்றாகவே போட்டுக் கொதிக்கவிடுகிறவர்கள் நிறையப் பேர், கீரை குழைந்து சாறாகவே ஆகிவிடும், அதுவும் ருசிதான். தனித்தனியாகப் போட்டால் மொட்டு உருக்குலையாமல் இருக்கும், எனக்கு அது பிடிக்கும்.

பாக்கெட்டில் 12 நிமிடம் என்று போட்டிருந்தால் பத்தாவது நிமிடம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் நூல் அளவுக்கு வெள்ளையாக, கொஞ்சம் கடினமாக இருந்தால் அதுதான் எடுக்க வேண்டிய நேரம். மிச்ச வேக்காட்டைச் சட்டி பார்த்துக்கொள்ளும். ஒரெக்கியெத்தே ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் மாதிரி அடுக்கிக்கொள்ளும் சுபாவம் உள்ளது, அடிக்கடி கிளறாவிட்டால் அடுக்கின இடம் மட்டும் மாவாக நிற்கும். வடிப்பதற்கு முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர் தனியாக எடுத்து வையுங்கள். வடிதட்டை ஸிங்க்கில் வைத்துவிட்டு இதை மறப்பதுதான் வழக்கமான தவறு, அதனால் டம்ளரை வடிதட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், கண்ணில் படாமல் போகாது. வடித்த பாஸ்தாவைக் குழாயடியில் அலசக் கூடாது. மேலே இருக்கும் மாவுப் பசை போய்விட்டால் சாறு ஒட்டாது.

அந்த டம்ளர் தண்ணீர் என்ன செய்யும் என்பது சோறு வடித்த வீடுகளுக்குத் தெரியும், அது ஒரு மாதிரி கஞ்சித் தண்ணீர்தான். பாஸ்தாவிலிருந்து கரைந்த மாவு அதில் இருக்கிறது. சாசேஜ் சட்டியை மறுபடி பெரிய தீயில் ஏற்றி, பாஸ்தாவைப் போட்டு, அரை டம்ளர் ஊற்றி, சட்டியைக் குலுக்கியும் கிளறியும் ஒன்றரை நிமிடம் விடாமல் வேலை செய்யுங்கள். முதலில் எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் கிடக்கும், பார்த்தால் கெட்டுப்போச்சு என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் குலுக்குங்கள். மாவு இரண்டையும் சேர்த்துப் பிடிக்க, சாறு திடீரென்று கலங்கி வெளுத்து, பாஸ்தா மேல் மெழுகு பூசின மாதிரி படியும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு கிழித்தால் சாறு மெதுவாக வந்து அந்தக் கோட்டை மூட வேண்டும். உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணியாக இருக்கிறது, மூடவே இல்லை என்றால் வறண்டுவிட்டது, இன்னொரு கரண்டி ஊற்றுங்கள். கொஞ்சம் தளர இருக்கும்போதே நிறுத்துவது நல்லது, தட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பாஸ்தா இன்னும் கொஞ்சம் குடிக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டு அரை நிமிடம் பொறுத்துச் சீஸைத் தூவிக் கிளறுங்கள். தீ எரியும்போது போட்டால் சீஸ் திரண்டு கரண்டியில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். சீஸ் பிடிக்காதவர்களுக்கு, அல்லது வீட்டில் தீர்ந்துபோன அன்றைக்கு, தெற்கு இத்தாலியின் பழைய வழி ஒன்று இருக்கிறது. காய்ந்த ரொட்டியைப் பொடித்து, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவுவார்கள். சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் வந்த பழக்கம் என்பார்கள், இன்றைக்கு அந்த மொறுமொறுப்புக்காகவே நான் சில நாள் சீஸை விட்டுவிட்டு இதைப் போடுகிறேன். கறி சாப்பிடாதவர்களுக்கும் இது கைகொடுக்கும். சாசேஜை விட்டுவிட்டு, எண்ணெயில் பூண்டு, மிளகாய், நுணுக்கிய சோம்பு தாளித்து, கீரையும் பாஸ்தாவும் புரட்டி, மேலே இந்த ரொட்டித் தூள். அரைகுறைச் சாப்பாடாகத் தெரியாது.

சிறு பிள்ளைகளுக்குக் கசப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கீரையை அவர்கள் தட்டில் கொஞ்சமாகப் போடுங்கள். மிளகாயை அவர்களுக்காகக் குறைத்து, பெரியவர்கள் தட்டில் மேலாகத் துகள் தூவிக்கொள்ளலாம்.

ஆறவிடாமல் சாப்பிடுங்கள், தட்டைக் கொதித்த தண்ணீரில் ஒரு அலசு அலசி எடுத்தால் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். மிஞ்சினால் மறுநாள் சூடுபண்ண வேண்டாம், சாறெல்லாம் உள்ளே இழுத்து வறட்டு வறட்டு என்று ஆகியிருக்கும். இரண்டு முட்டையை ஒரு கரண்டி சீஸோடு அடித்து, பாஸ்தாவைக் கலந்து, தோசைக்கல்லில் தடியாக ஊற்றி மூடி வைத்து இரண்டு பக்கமும் சிவக்க எடுங்கள். நேப்பிள்ஸில் ‘ஃப்ரித்தாத்தா’ என்று இதைத் துண்டு போட்டுக் கையில் வைத்தே சாப்பிடுவார்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும், மறுநாள் மதிய டப்பாவுக்கு அதுவே போதும்.